எத்தனை அடி என்று கேட்காதீர்கள், எத்தனை கிலோ என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஒரு சாயங்காலம் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் என் வீட்டு வாசலுக்கு வந்தான். புதிதாக ஒரு பிக்கப் எடுத்திருக்கிறான். கையில் டேப். "அண்ணே, உங்க டிரெய்லர அளந்துக்கிறவா, பட்டறையில சொல்லிச் செய்யணும்" என்றான். சரி என்றேன். நீளம் அளந்தான், அகலம் அளந்தான், பக்கப் பலகை உயரம் அளந்தான், எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டான். "இதவிட நாலடி கூடப் போட்டுக்கிறேண்ணே, ஒரே நடையில முடிஞ்சிரும்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்த்தான். கிலோ என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து ஒரு தடவைகூட வரவில்லை. அவனைத் திண்ணையில் உட்கார வைத்துப் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் பிக்கப்புக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டி ஓட்டும் பையன்களை இப்போது நிறையப் பார்க்கிறேன், அவர்களில் பாதிப் பேருக்காவது இது போய்ச் சேர வேண்டும்.

எனக்குத் தொழில் சரக்கு ஏற்றுவது. ஆத்தங்குடியில் டைல்ஸ் எடுத்து வீடு கட்டுகிறவர்களுக்குக் கொண்டுபோய் இறக்குவேன், பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது நிலை, கதவு, தூண் எல்லாம் ஏற்றுவேன், முகூர்த்த மாதங்களில் சமையல் பாத்திரமும் நாற்காலியும். நான்கு வருடத்துக்கு முன்னால் நானும் அந்தப் பையன் மாதிரிதான் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை அடி வேணும்?" நான் பன்னிரண்டு அடி என்றேன். அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லிவிட்டேன், அதோடு பேச்சு முடிந்துவிட்டது. என் வண்டி எவ்வளவு இழுக்கும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

முதல் பெரிய நடை திருச்சிக்கு. ஒரு வீட்டு ஹாலுக்கு 500 சதுர அடி ஆத்தங்குடி டைல்ஸ் கல். டிரெய்லருக்குக் கதவு பின்பக்கம்தான், அதனால் ஏற்றியவர்கள் பின்னாலிருந்தே அடுக்கிக்கொண்டு வந்தார்கள், பத்து அங்குலக் கல்லை நிறுத்தி வைத்து இடையில் வைக்கோல் செருகி. பாதி டிரெய்லர்கூட நிறையவில்லை. முன்னால் அவ்வளவு இடம் காலியாகக் கிடந்ததைப் பார்த்து, இன்னும் ஏற்றலாம் போல என்று நினைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. திருமயம் தாண்டி ஒரு சின்ன இறக்கத்தில், எழுபதில் போய்க்கொண்டிருந்தேன், வண்டியின் பின்பக்கத்தை யாரோ பிடித்து இடது பக்கம் இழுத்த மாதிரி இருந்தது. அப்புறம் வலது பக்கம். மூன்றாவது ஆட்டத்தில் கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லரின் பக்கவாட்டுப் பலகை முழுசாகத் தெரிகிறது. நான் பிரேக்கை மிதித்தேன். அது நான் செய்த பெரிய தப்பு, மிதித்ததும் ஆட்டம் இரண்டு மடங்கானது. எதிரில் பஸ். அந்த டிரைவர் புண்ணியவான், தூரத்திலேயே பார்த்து ஒதுங்கி நிறுத்திவிட்டார். நான் மண்ணில் இறங்கி, ஒரு கருவேலம் புதரில் இடித்து நின்றேன். கூட வந்த என் தம்பி மகனுக்கு நெற்றியில் இரண்டு தையல். உயிர்ச்சேதம் இல்லை. கல்லில் பாதிக்கு மேல் உடைந்தது. கண்ணாடித் தகட்டில் வண்ணக் கலவை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, காயவைத்து, ஒவ்வொன்றாகக் கையால் செய்த கல். ரோட்டோரத்தில் அதைப் பொறுக்கியபோது என் கை நடுங்கியது.

அன்றைக்கு இரவே வீட்டில் ஒரு கல்லைத் தராசில் வைத்தேன். இரண்டரை கிலோ. ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கல் வரும், ஆக ஒரு சதுர அடிக்கு 3.6 கிலோ. 500 சதுர அடிக்கு 1,800 கிலோ. மறுநாள் வெறும் டிரெய்லரை எடைமேடையில் ஏற்றினேன், அதுவே 640 கிலோ. நான் பிரேக்கே இல்லாத ஒற்றை அச்சு டிரெய்லரில் கிட்டத்தட்ட இரண்டரை டன்னை இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். வண்டியோடு கொடுத்த புத்தகத்தை அதற்கப்புறம்தான் பிரித்துப் பார்த்தேன். என் வண்டிக்குப் போட்டிருந்தது: பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 1,500 கிலோ, பிரேக் இல்லாதது என்றால் 750.

சரக்கின் அளவைக் கண்ணால் பார்த்து எடை சொல்ல முடியாது, அதுவும் நம் ஊர்ச் சரக்கில் முடியவே முடியாது. எட்டுக்கு ஐந்து அடித் தட்டில் டைல்ஸை நிறுத்தி ஒரே வரிசை அடுக்கினால் உயரம் ஒரு அடிகூட வராது, எடை ஒன்றரை டன்னைத் தாண்டிவிடும். அதே தட்டில் வைக்கோலை ஆள் உயரத்துக்கு ஏற்றினாலும் வண்டிக்குத் தெரியாது. தூண் இன்னும் மோசம். பத்தடி நீளம், ஒரு அடிக்கு ஒரு அடி கனம் உள்ள பர்மா தேக்குத் தூண் 180, 190 கிலோ இருக்கும். அதே நீளம், அதே கனத்தில் கருங்கல் தூண் 750 கிலோ. இரண்டையும் வைக்க அதே பத்தடி டிரெய்லர்தான் வேண்டும். தேக்கில் நான்கு ஏற்றினாலும் நிம்மதியாகப் போகலாம், கல்லில் இரண்டு ஏற்றினால் டிரெய்லர் எடையைச் சேர்க்காமலே என் வண்டியின் அளவு முடிந்து போகும். தண்ணீர் டேங்க் வைக்கிறவர்களுக்குக் கணக்கு சுலபம், ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன், டேங்கும் இரும்பும் தனி.

அதனால் டிரெய்லர் அளவைத் தீர்மானிக்க இந்த வழியில் போங்கள் என்று பையனிடம் சொன்னேன். முதலில் வண்டிப் புத்தகத்தை எடு, இழுவை எடை எவ்வளவு என்று பார். அந்த எண் டிரெய்லரும் சரக்கும் சேர்ந்த எடைக்கு, சரக்குக்கு மட்டும் இல்லை. அதிலிருந்து டிரெய்லரின் வெற்று எடையைக் கழி. மிச்சம் இருப்பதுதான் நீ ஏற்ற முடிந்த சரக்கு. 1,500-ல் 640 போனால் எனக்கு 860 கிலோதான் கிடைக்கும், அதாவது 240 சதுர அடி கல்லுக்குக்கூடக் காணாது. பன்னிரண்டு அடி நீளம் போட்டதால் இரும்பின் எடை கூடி, சரக்குக்கு இருந்த இடம் கிலோக் கணக்கில் குறைந்துபோனது! பெரிய டிரெய்லர் என்றால் நிறைய ஏற்றலாம் என்று நினைக்கிறோம், இழுவை எடைக்கு ஒரு வரம்பு இருக்கும்போது நிலைமை தலைகீழ். இப்போது நான் வைத்திருக்கும் எட்டடி டிரெய்லர் 380 கிலோ, அதில் 1,100 கிலோ தாராளமாக ஏற்றுகிறேன்.

புத்தகத்தில் அந்த எண்ணே இல்லை என்றால்? சில வண்டிகளுக்கு இருக்காது. ஷோரூமில் வாயால் சொல்வதை நம்பாதீர்கள், கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரவில்லை என்றால் டிரெய்லர் மாட்டாதீர்கள், இரண்டு நடை போங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வண்டியில் முழுப் பாரம், டிரெய்லரிலும் முழுப் பாரம் என்று இரண்டையும் சேர்த்துப் போக முடியாது. என் வண்டி ஆர்.சி.யில் மொத்த எடை 2,900. டிரெய்லருக்கு 1,500. கூட்டினால் 4,400. ஆனால் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 4,200-ஐத் தாண்டக் கூடாது என்று புத்தகத்தில் தனியாக ஒரு வரி இருக்கிறது. ஆக டிரெய்லர் நிறைந்தால் வண்டியில் 200 கிலோ குறைக்க வேண்டும். டிரைவர், பக்கத்தில் உட்காரும் இரண்டு ஆட்கள், ஸ்டெப்னி, தார்ப்பாய், கயிறு எல்லாமே அந்தக் கணக்குக்குள் வரும்.

சரி, எடை சரியாக இருந்தால் போதுமா? போதாது. அன்றைக்கு டிரெய்லர் ஆடியதற்கு எடை பாதிக் காரணம், அடுக்கிய விதம் மீதிக் காரணம். என் அப்பா மாட்டு வண்டி ஓட்டியவர். புதுவயல் அரிசி ஆலைகளுக்கு நெல் அடித்தவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "பின்பாரமா ஏத்துனியா?" மாட்டு வண்டிக்காரர்களுக்கு இது சின்ன வயதிலேயே தெரியும். மூட்டையை அச்சுக்குப் பின்னால் கூட்டினால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்னால் ரொம்பக் கூட்டினால் மாட்டின் கழுத்து அமுங்கிப் புண்ணாகும். அதனால் கொஞ்சம் முன்பாரமாக, மாடு தாங்குகிற அளவுக்கு வைப்பார்கள். டிரெய்லருக்கும் அச்சு அசலாக இதே விதிதான். கொக்கியின் மேல் உட்காருகிற முன்பாரம், டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு இருக்க வேண்டும். 1,400 கிலோ டிரெய்லர் என்றால் 140-லிருந்து 210. குறைந்தால் வால் ஆடும். கூடினால் பிக்கப்பின் பின்பக்கம் உட்கார்ந்து முன்சக்கரம் லேசாகிவிடும், ஸ்டீயரிங் பிடிக்காது, ராத்திரியில் ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். அந்த 140-ம் 210-ம் பிக்கப் சுமக்கிற பாரத்தில் சேரும் என்பதையும் மறக்கக் கூடாது.

இதை அளப்பது பெரிய வித்தை இல்லை. எடைமேடைக்குப் போங்கள். முதலில் டிரெய்லரைக் கழற்றிவிட்டு, பாரம் ஏற்றிய பிக்கப்பை மட்டும் நிறுத்தி ஒரு சீட்டு. அப்புறம் டிரெய்லரை மாட்டி, பிக்கப்பின் நான்கு சக்கரம் மட்டும் மேடையில் இருக்கிற மாதிரி, டிரெய்லர் வெளியே நிற்க, இரண்டாவது சீட்டு. கடைசியாக இரண்டையும் முழுசாக ஏற்றி மூன்றாவது சீட்டு. இரண்டாவதில் முதலாவதைக் கழித்தால் முன்பாரம். மூன்றாவதில் முதலாவதைக் கழித்தால் டிரெய்லரின் மொத்த எடை. கடைசியாக நான் போட்டபோது 2,310, 2,480, 3,750 என்று வந்தது. ஆக முன்பாரம் 170, டிரெய்லர் 1,440, நூற்றுக்குப் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று சீட்டையும் கண்ணாடிக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறேன். மேடைக்காரர் முதல் தடவை ஒரு மாதிரியாகப் பார்த்தார், இப்போது நான் போனதும் அவரே கையைக் காட்டி முன்னால் பின்னால் நிறுத்தச் சொல்கிறார்.

பட்டறைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். தட்டுக்கு நட்டநடுவில் அச்சை வைக்காதீர்கள். எட்டடித் தட்டு என்றால் முன்பக்கத்திலிருந்து நாலடி எட்டு அங்குலம், நாலடி பத்து அங்குலத்தில் அச்சு வரட்டும், அப்போது சமமாகப் பரப்பினாலே பாரம் முன்னால் விழும். டிராக்டர் டிரெய்லர் செய்து பழகிய கையாலேயே பிக்கப்புக்கும் செய்கிறீர்கள், அதில்தான் ஆபத்து இருக்கிறது. டிராக்டர் மெதுவாகப் போகிற வண்டி. பிக்கப் எண்பதில் போகும். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்துவதற்குப் பிரேக் தின்ன வேண்டிய சக்தி நான்கு மடங்கு. நாற்பதில் தாங்கின பழைய கார் டயரும் பழைய அச்சும் எண்பதில் தாங்காது. டிரெய்லரை மாட்டுகிற கொக்கிக் குண்டை பம்பரில் வெல்டு வைக்காதீர்கள், சேஸிஸில் போல்ட் போட்டு முடுக்குங்கள். குண்டும் அதன் மேல் உட்காரும் கிண்ணமும் ஒரே அளவா என்று பாருங்கள், இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்திலேயே மேட்டில் ஏறி இறங்கும்போது எகிறிவிடும். காவல் சங்கிலி இரண்டை ஏர்க்காலுக்கு, அதாவது டிரெய்லரிலிருந்து கொக்கிக்கு நீளும் தண்டுக்கு, அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போட வேண்டும், கொக்கி கழன்றாலும் ஏர்க்கால் தரையில் குத்தாமல் சங்கிலியில் தொட்டில் மாதிரி விழும்.

பிரேக் விஷயத்துக்கு வருகிறேன். என் மருமகன், அக்கா மகன், ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் இருக்கிறான். அங்கே பிக்கப்பும் டிரெய்லரும் வீட்டுக்கு வீடு. நான் விபத்தைச் சொன்னதும், "மாமா, இங்க 750 கிலோவத் தாண்டுனா பிரேக் இல்லாம ரோட்டுல ஏத்தவே விடமாட்டாங்க" என்றான். 2 டன்னைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும், டிரெய்லர் கழன்று ஓடினால் தானாகப் பிடித்துக்கொள்கிற ஏற்பாடும் வேண்டும். அங்கே வரும் பெரிய பிக்கப் பலவற்றுக்கு 3,500 கிலோ இழுவை என்று போட்டிருக்கிறார்கள், அதே வண்டிகளுக்குப் பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அங்கேயும் 750-தான். இத்தனைக்கும் அங்கே ரோடு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ரோட்டில் ஆடு குறுக்கே வரும், நெல் காயப்போட்டிருப்பார்கள், வேகத்தடை எங்கே என்று கிட்டே போனால்தான் தெரியும். நாம் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டாமா? இப்போது என் டிரெய்லரில் இருப்பது, வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளுகிற தள்ளலிலேயே பிடித்துக்கொள்கிற பிரேக். செலவு கூடத்தான் ஆனது. உடைந்த கல்லுக்கு நான் கட்டிக்கொடுத்த பணம் அதைவிட அதிகம்.

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் படியுங்கள். 88 என்றால் அந்த டயர் 560 கிலோ தாங்கும், 95 என்றால் 690, 100 என்றால் 800. இரண்டு சக்கர டிரெய்லரில் 88 டயர் போட்டால் 1,120 கிலோவோடு சரி, டிரெய்லரின் இரும்புச் சட்டம் எவ்வளவு கனமாக இருந்தாலும். டயர் பிறந்த தேதியும் அங்கேயே இருக்கும், நான்கு இலக்கம், 3219 என்றால் 2019-ஆம் வருடம் 32-வது வாரம்.

நீளத்துக்கு நம் ஊரில் இன்னொரு அளவுகோல் இருக்கிறது, சந்து. செட்டிநாட்டு வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். சாமான் பெரும்பாலும் பின்வாசல் வழியாகத்தான் போகும், வரும். பன்னிரண்டு அடி டிரெய்லரோடு கானாடுகாத்தானில் ஒரு பின்தெருவில் மாட்டிக்கொண்டு, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் ஒன்றரை மணி நேரம் நின்றேன். அந்த வீட்டு ஆச்சி, "ஏந் தம்பி, இம்புட்டு நீளத்துக்கு என்னத்தக் கொண்டாந்த?" என்றார்கள். நான்கு தேக்குக் கதவு. எட்டடி ஒற்றை அச்சு என்றால் கொக்கியைக் கழற்றி இரண்டு பேர் கையால் திருப்பி வைத்துவிடலாம். ஆனால் பின்னால் எடுக்கும்போது குட்டை டிரெய்லர் சட்டென்று மடங்கும், அதற்குக் கை பழக வேண்டும், ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு டிரெய்லர் போக வேண்டிய பக்கத்துக்குக் கையை நகர்த்துங்கள், வரும். இரட்டை அச்சு ரோட்டில் நன்றாக நிற்கும், ஒரு டயர் பஞ்சரானாலும் கவிழாது, ஆனால் எடை கூடும், சந்தில் டயரைத் தேய்த்துக்கொண்டுதான் திரும்பும். டைல்ஸுக்கு எட்டடி போதும். பாத்திரமும் நாற்காலியும் ஏற்றுகிறவர்களுக்குப் பத்தடி ஆகட்டும், அதற்கு மேல் ஒற்றை அச்சில் நான் போகமாட்டேன். மாட்டை மட்டும் இதில் ஏற்றாதீர்கள், அது ஓடும்போதே நிற்கும் இடத்தை மாற்றும், முன்பாரம் பின்பாரம் ஆகிவிடும்.

என் டிரெய்லருக்குப் பக்கப் பலகை ஒரு அடிதான் வைத்திருக்கிறேன். யார் ஏற்றினாலும் கல் அதற்கு மேல் போகாது.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்கும் பதிவு வேண்டும், காப்பீடு வேண்டும். பட்டறையில் செய்து அப்படியே ரோட்டுக்கு ஓட்டிக்கொண்டு வருவது தப்பு, விபத்து நடந்தால் நீங்கள்தான் கையிலிருந்து கட்டுவீர்கள். அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாய், அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, சரக்கை இறக்கும் கூலியும் நம் தலையில்.

அப்புறம் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் வால் ஆடலாம். அப்போது பிரேக்கை மிதிக்காதீர்கள், வேகத்தைக் கூட்டவும் செய்யாதீர்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டே இருங்கள், திருப்பி ஈடு கட்டப் பார்க்காதீர்கள். வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கும். டிரெய்லர் பிரேக்குக்குத் தனிக் கைப்பிடி இருந்தால் அதை மட்டும் இழுக்கலாம். அந்த நாலைந்து விநாடி ரொம்ப நீளமாகத் தெரியும்.

பையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். பட்டறையில் முன்பணம் கொடுத்துவிட்டேன் அண்ணே என்று இழுத்தான். மறுநாள் காலையில் அவனையும் அவன் வண்டிப் புத்தகத்தையும் கூட்டிக்கொண்டு நானே பட்டறைக்குப் போனேன். அவன் வண்டிக்குப் பிரேக் டிரெய்லர் 1,200 கிலோ என்று இருந்தது. பட்டறைக்காரர் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, எட்டடி போதும் என்று அவரே சொன்னார். பக்கவாட்டில் வெற்று எடையும் மொத்த எடையும் பெயிண்டில் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை அச்சு வைக்கிறார்கள், டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க நான் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பிக்கப் உரிமையாளர்,
காரைக்குடி